மூன்றிலிருந்து இரண்டுக்கு

என் மாமனார் எனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக் கொடுத்தார். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் நம்புவதில்லை. நம்பிய பிறகு பொறாமைப்படுகிறார்கள். அப்படிப் பொறாமைப்படுகிறவர்கள் ஒரு நாள் ஆரணிக்கு வந்து அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வருவதற்குள் ஒன்பது வேகத்தடை. வண்டியோ தரையிலிருந்து ஒரு சாண் உயரம். ஒவ்வொரு தடையிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். பறப்பதற்கென்றே செய்த வண்டியை நான் பெரும்பாலும் மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டியிருக்கிறேன்.

பெங்களூரில் யாரோ ஒரு பணக்காரர் கொஞ்ச காலம் வைத்திருந்து அலுத்துப்போய் விற்றது. இரண்டு கதவு, இரண்டு சீட்டு. "நம்ம அரக்குப் பட்டு கலரு மாப்ள, பாத்த ஒடனே முடிச்சிட்டேன்" என்றார் மாமா. உள்ளே ஏறுவதற்கு அவர் முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். உட்கார்ந்த பிறகு முட்டி இரண்டும் மார்புக்கு நேரே நிற்கும். அந்த நிலையில் தெருவைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை ஒருவர் சிரித்துவிட்டால் அவருக்கு எதிராக வாய் திறப்பது கஷ்டம்.

நான் கலசப்பாக்கம் பக்கத்து ஆள். எங்கள் வீட்டில் தாத்தா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி. அப்பா செய்யாறு தொழிற்பேட்டையில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் ஓட்டினார். என் மனைவி ஆரணிப் பட்டு வியாபாரியின் ஒரே மகள். வேலூரில் ஒரே கல்லூரியில் படித்தோம். எங்கள் ஜனம் அவர்கள் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போகிற வழக்கம் கிடையாது. நாங்கள் போனோம். மாமா தன் தெருவையே எதிர்த்து நின்று பெண்ணைக் கொடுத்தார். பாதித் தெரு கல்யாணத்துக்கு வரவில்லை. அதைப் பற்றி அவர் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறு வருடம் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. "ஒரு ஆறு மாசம் கூட இருந்து கடைய பாத்துக்கோங்க மாப்ள" என்றார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

அதற்கு முன் நான் சென்னைக்கு வெளியே ஒரு பந்தயத் தடத்தில் வேலை பார்த்தேன். கார் பந்தயம் ஓட்ட ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. நான் பந்தயத்தில் பெரிதாக ஜெயித்தவன் இல்லை. ஆனால் ஒரு வித்தை எனக்கு நன்றாகத் தெரியும் என்று அங்கே பேர் இருந்தது.

வண்டி ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேகத்தைக் குறைத்து மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது, வண்டி மெதுவாகிக்கொண்டிருந்தாலும் இன்ஜின் சட்டென்று வேகமாகச் சுற்றியாக வேண்டும். அதைத் தயார் செய்யாமல் கிளட்சை விட்டால் வண்டி குலுக்கி எடுத்துவிடும். வளைவாக இருந்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் வலது பாதம் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போதே அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இன்ஜின் ஒரு உறுமல் உறுமும். அந்த நேரம் பார்த்து கியரைப் போட்டால், போட்டதே தெரியாது. ஒரு கால், இரண்டு வேலை. எனக்கு இது படிய ஒன்றரை வருடம் ஆனது.

மாமா வாங்கித் தந்த வண்டி இதைத் தானே செய்துவிடும். கியர் கம்பியில் கை வைத்து நகர்த்தினால் போதும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, தேவையான அளவு உறுமி, தயாராக நிற்கும். ஒருமுறைகூடத் தவறாது. அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக, வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு எரியும். வேண்டாம் என்றால் அணைக்க கியருக்குப் பின்னால் ஒரு பட்டன் இருக்கிறது.

முதல் நாள் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாமாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். செருப்பை வெளியே கழற்றச் சொல்லிவிட்டார். இன்றுவரை அந்த வண்டியை நான் வெறுங்காலோடுதான் ஓட்டுகிறேன். கோடையில் பெடல் சுடும். முதல் திருப்பத்தில் கியரை இறக்கினேன். பழக்கத்தில் என் கால் தட்டியது. வண்டியும் தன் பங்குக்குத் தட்டியது. இரண்டும் சேர்ந்து உறுமியதில், கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இன்னா மாப்ள, வண்டி கோச்சிக்குது?" என்றார் மாமா.

விளக்கினேன். அது தப்பாகப் போயிற்று. வண்டி தானாகச் செய்கிறது என்பது மாமாவுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. கடைக்குக் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களில் யாராவது ஒருவரைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்து, தான் வெளியே ஜன்னலில் குனிந்து நின்றுகொண்டு சொல்வார்: "இப்ப பாருங்க. மாப்ள ஒண்ணுமே பண்ண மாட்டாரு. வண்டியே எல்லாம் பண்ணிடும்."

நானும் ஒன்றுமே பண்ணாமல் ஒரு சுற்றுப் போய்வருவேன். பட்டனை அணைத்து வைத்தாலும் அடுத்த முறை அவர் விளக்கைத் தேடுவார். "லைட்டு எரியலயே, ரிப்பேரா?" என்று முகம் வாடிப்போகும். அதனால் எரிய விட்டுவிட்டேன். தெருவில் யாராவது சத்தத்தைப் பற்றி முணுமுணுத்தால் நானே அந்தப் பாட்டைப் பாடுவேன்: "நான் பண்ணலீங்க, வண்டியே பண்ணுது." ஒரு வருடத்தில் எங்கள் தெருவில் அதைக் கேட்காத ஆள் கிடையாது.

கால் சும்மா இருக்கக் கற்றுக்கொள்வது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் இரண்டு மாதம் பாதத்தின் ஓரம் தானாக எழும்பும், நான் அதட்டி உட்கார வைப்பேன். பிறகு எழும்புவதும் நின்றது. உண்மையைச் சொன்னால் சுகமாகக்கூட இருந்தது. வீட்டிலும் எனக்கு எல்லாம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எழுந்தால் காபி இருக்கும், குளித்தால் தேய்த்த சட்டை இருக்கும். கடையில் ஒரு புடவையைப் பற்றிப் பேச நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பின்னாலிருந்து ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுவார். கோபப்படலாம் என்றால், எதைக் காட்டிக் கோபப்படுவது? நன்றாக நடத்துகிறார்கள் என்று யாரிடம் போய் அழுவது? பல நாள் மூச்சு முட்டியது. சிரித்துக்கொண்டே மூச்சு முட்டினால் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் கடையின் சின்ன லோடு வேனை எடுத்துக்கொண்டு போனேன். டிரைவர் லீவு. வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். வேன் குதித்தது. பின்னால் அடுக்கியிருந்த புடவைப் பெட்டிகள் சரிந்து என் தோளில் விழுந்தன. நான் கியரை மாற்றிவிட்டு, வண்டி மிச்சத்தைச் செய்யும் என்று காத்திருந்திருக்கிறேன். ஓரமாக நிறுத்திக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை போய்விட்டது என்று பயமாக இருந்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் பழைய பள்ளியிலிருந்து போன் வந்தது. தலைமைப் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போகிறார், அந்த இடத்துக்கு நீ வருகிறாயா என்று கேட்டார்கள். மூன்று வருடம் ஆகிவிட்டதால் ஒரு தடவை ஓட்டிக் காட்ட வேண்டுமாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணி. தப்பினால் வேறு ஆள் தயாராக இருக்கிறார்.

மனைவியிடம் சொன்னேன். "அப்பா கிட்ட சொல்லிட்டு போங்க" என்றாள்.

"வேலை கெடைச்சப்பறம் சொல்றேன்."

"மொதல்ல சொல்லணும். அதான் மொறை."

முறை எனக்கும் தெரியும். தைரியம்தான் இல்லை. மாமாவிடம், சென்னையில் நண்பன் வீட்டு விசேஷம் என்றேன். "வெறுங்கையோட போவாதீங்க" என்று சொல்லி, நண்பனின் மனைவிக்கென்று ஒரு பட்டுப் புடவையை மடித்து அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். இல்லாத விசேஷத்துக்கு நல்ல ஜரிகைப் புடவை.

மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு நாளும் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கண்ணமங்கலம் ரோட்டுக்குப் போனேன். ஊர் தாண்டியதும் பட்டனை அழுத்துவேன். மஞ்சள் விளக்கு அணையும். முதல் மூன்று நாள் கேவலம். வண்டி குலுங்கி, நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, எதிரே வந்த வேலூர் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நாலாம் நாள் ஒன்று சரியாக விழுந்தது. ஒரு வாரத்தில் பத்துக்கு ஒன்பது. வெறும் பாதத்தில் பெடலின் ஓரம் படுகிற அந்த இடம், அந்த உறுமல், கை கியரைத் தள்ள அது மறுக்காமல் உட்காருவது. தனியாக, சத்தமாகச் சிரித்திருக்கிறேன். அந்தத் தெருவுக்கு வந்த பிறகு நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறெதுவும் இல்லை.

புதன்கிழமை மாலை மனைவி சொன்னாள்: "நாளைக்கு காலைல நம்ம தெருவுல பாவு. வண்டிய வெளியவே நிறுத்திட்டு வாங்க." சரி என்றேன். சொன்ன வாயோடு மறந்தும் போனேன்.

பாவு என்றால் புடவையின் நீளவாக்கு இழைகள் மொத்தமும். மூன்று புடவைக்கான இழைகளைத் தெரு நீளத்துக்கு விரித்து, இரண்டு முனையிலும் கழி கோத்து, கயிற்றால் இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பார்த்துச் சீர் செய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். தெருமுனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே போட்டிருந்தால் உள்ளே பாவு இருக்கிறது என்று அர்த்தம். தண்ணி லாரியும் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று காத்திருக்கும்.

வியாழக்கிழமை காலை கண்ணமங்கலம் ரோட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். குளித்துவிட்டு ஏழரைக்குக் கிளம்பினால் போதும். கடைசியாக இறக்கிய பத்தும் பத்தாக விழுந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில், ஊருக்குள் வந்ததும் வழக்கமாக அழுத்துகிற பட்டனை அழுத்தவில்லை. மெயின் ரோட்டில் மூன்றாவது கியரில் வந்து, எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது இரண்டுக்கு இறக்கினேன். என் கால் தட்டியது. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன். அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

இரண்டு பக்கச் சுவரிலும் அது இடிபோல மோதியது. நாற்காலி என் கண்ணில் பட்டு, பிரேக்கை அழுத்தி, அதற்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டேன். ஆனால் நாற்காலிக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் பாவின் கயிற்றைத் தன் எடை முழுவதையும் போட்டு இழுத்து, கல்தூணில் கட்டப் போய்க்கொண்டிருந்தார். வண்டி முதுகில் ஏறுகிறது என்று நினைத்து அவர் கயிற்றை விட்டுவிட்டுத் தாவினார். கழி எகிறியது. தெரு நீளத்துக்கு விறைப்பாக நின்ற அரக்கு நிறப் பட்டு முழுவதும் தொய்ந்து, சாணி தெளித்து ஈரமாக இருந்த வாசல்களில் விழுந்தது. எங்கோ நடுவில் இழைகள் அறுகிற சத்தம் கேட்டது, மெல்லிய சத்தம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கயிற்றை விட்டவர் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. மாமா கடைக்குத்தான் நெய்கிறார். என் கல்யாணத்துக்கு வராதவர்களில் அவர் ஒருவர். மூன்று வருடத்தில் என்னிடம் அவர் பேசியது கிடையாது, எதிரே வந்தால் கண் வேறு பக்கம் போகும். கீழே விழுந்ததில் அவர் முழங்கை சிராய்த்திருந்தது. எழுந்து என்னிடம் வந்தார்.

நான் இன்ஜினை அணைக்காமலே வண்டியிலிருந்து இறங்கி வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா வந்துவிட்டார், பனியனோடு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு. ஆபரேஷன் ஆன மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"அவரு மேல தப்பு இல்லப்பா" என்றார் மூச்சு வாங்க. "அந்த வண்டி அப்படித்தான். தானா கத்தும். அவரு ஒண்ணும் பண்ணல."

கயிற்றை விட்டவர் என்னைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். மனைவி அதற்குள் வந்து, சென்னைக்கென்று வண்டியில் வைத்திருந்த என் பையை எடுக்க வண்டிக்குள் குனிந்துகொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றேன். "வண்டியே பண்ணிடுச்சி."

சொன்னது அவ்வளவுதான். நான் ஒரு வருடமாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்த வார்த்தை, தேவைப்பட்ட நேரத்தில் தயாராக நின்றது.

அவர் முழங்கைச் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "வண்டி பண்ணதுக்கு நீ இன்னாப்பா பண்ணுவ" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நீங்க கெளம்புங்க மாப்ள" என்றார் மாமா. "விசேஷத்துக்கு நேரமாவுதில்ல? இத நாங்க பாத்துக்கறோம். இன்னாத்துக்கு பேஜாரு."

வழி திறந்துதான் இருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்து, அப்படியே மெயின் ரோட்டில் ஏறியிருந்தால் பத்து மணிக்குத் தடத்தில் இருந்திருப்பேன். என்னால் போக முடியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. அவர்கள் எல்லோரும் குனிந்து, ஈரத்திலிருந்து பட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பொய்யைச் சொல்லிவிட்டு அதே வண்டியில் ஏறிப் போகக் கால் வரவில்லை.

திரும்பவும் பாவை இழுத்துக் கட்டினார்கள். அறுந்த இழை ஒவ்வொன்றுக்கும் அதன் மறுமுனையைத் தேடிப் பிடித்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி இணைக்க வேண்டும். நாலாவது வீட்டுக்காரர் சாம்பல் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எனக்குத் தெரியாது என்றேன். "முனைய தேடியாவது குடு" என்றார். தேடிக் கொடுத்தேன். ஒன்பதரைக்குப் பையிலிருந்த போன் அடித்தது. பத்தேகாலுக்கு இரண்டு முறை. பிறகு அடிக்கவில்லை. மத்தியானத்துக்கு முன்னால் அவர் வீட்டிலிருந்து எல்லோருக்கும் டீ வந்தது. எனக்கும் வந்தது. டீக்கடைக்காரர் கொண்டுவரும் பேப்பர் கப் இல்லை, அவர்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர். நான் அந்தத் தெருவில் மாமா வீட்டைத் தவிர வேறெந்த வீட்டு டம்ளரிலும் அதுவரை குடித்ததில்லை. மாமா அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

சாயந்திரம் மொட்டை மாடியில் மனைவி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"வண்டில அந்த மஞ்ச லைட்டு எரியல" என்றாள், திரும்பாமல். "பை எடுக்கறப்ப பாத்தேன்."

நான் கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. இன்னிக்கு எங்க கெளம்பினீங்கன்னும் சேத்து சொல்லுங்க. அப்பா கோச்சிக்குவாரு. அப்பறம் அவரே போங்கன்னு சொல்லிடுவாரு. நானும் கூட வரேன்." கடைசித் துணியை மடித்துக் கூடையில் போட்டாள். "சொல்றீங்களா?"

கதவின் சாவி என் கையிலேயே இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. ஒரே ஒரு உண்மை. அதைச் சொன்னால் அந்த வீட்டை விட்டுப் போகலாம். போகும்போது மாமாவின் அந்த ஓட்டமும் அந்த டம்ளரும் பொய்யாகிவிடும். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு இதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

இப்போது எதிரே வந்தால் நாலாவது வீட்டுக்காரர் நின்று பேசுகிறார். மாப்ள என்கிறார். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். பள்ளியில் வேறு ஆளை எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த அட்டைப் பெட்டிப் புடவை இன்னும் என் பீரோவில் கிடக்கிறது.

போன மாதம் மாமாவை நெஞ்சு பரிசோதனைக்கு வேலூருக்குக் கூட்டிப்போனேன். கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்ததும், கியருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். அந்தப் பட்டன் எது என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அழுத்தினார். மஞ்சள் விளக்கு அணைந்தது.

"இனிமே இது வேணாம் மாப்ள" என்றார். "மெஷினுக்கு எடம் பொருள் தெரியாது. உங்க காலு போதும் எனக்கு."

கண்ணமங்கலம் தாண்டி ஒரு வளைவு வரும். பிரேக்கை மிதித்து, பாதத்தின் ஓரத்தால் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டுத் தட்டி, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். வண்டி முணுமுணுத்துவிட்டு வளைந்தது. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே நல்லது அதுவாகத்தான் இருக்கும்.

மாமா அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"பாத்தீங்களா, சத்தமே இல்ல. அன்னிக்கு இந்த காலு ஓட்டியிருந்தா அந்த மனுசன் கயித்த விட்டிருப்பாரா?"

"விட்டிருக்க மாட்டாரு மாமா" என்றேன்.